பன்னிரண்டாவது டெஸ்ட் டிரைவ்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கார் ஷோரூமில் எனக்கு ஓசியில் கிடைத்தது. மச்சினன் கார் பார்க்கப் போனான், நான் ஏ.சி.க்கும் காபிக்கும் கூடப் போனேன். அங்கே அறுபதைத் தாண்டிய ஒருவர் பையிலிருந்து ஒரு முழுத் தேங்காயை எடுத்து, விற்பனைப் பெண்ணிடம் காட்டி, "இதை டிக்கில போட்டுண்டு ஓட்டிப் பாக்கலாமாம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "தாராளமா சார்" என்றாள். நான் கண்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: ஞாயிற்றுக்கிழமை காலை, ராகு காலத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கையில் லக்ஷ்மிநாராயணன்...

[வேண்டாம். ராகு காலத்தை உள்ளே விட்டால் அதற்கொரு பலனும் சொல்ல வேண்டியிருக்கும்.]

இரண்டாம் முயற்சி: மனித வாழ்க்கையே ஒரு டெஸ்ட் டிரைவ்...

[மன்னிக்கவும். அது காபிக்கு முன்னால் எழுதியது.]

மூன்றாவது: அஸ்தினாபுரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் லக்ஷ்மிநாராயணன், பதினொரு கார்களை ஓட்டிப் பார்த்து, பதினொன்றையும் வேண்டாமென்றவர்.

இது இருக்கட்டும்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் நாற்பத்து மூன்று கேள்விகள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யை முழுதாக வைத்து, எம்.ஐ.டி. பாலம் ஏறினால் வண்டிக்கு மூச்சு வாங்குமா? மனைவி காமு முட்டியை இடித்துக்கொள்ளாமல் பின்சீட்டில் ஏறலாமா? வேகத்தடையில் தேங்காய் எத்தனை தரம் உருளும்? சிரிக்காதீர்கள். நாமெல்லாம் என்ன செய்கிறோம்? ஹாரனை இரண்டு முறை அடித்து, "ஏ.சி. நல்லா ஜில்லுனு இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பத்து வருஷம் கட்டிக்கொண்டு அழப்போகும் வண்டியை, கிடைக்கிற அரை மணியில் இவரைப்போல்தான் பிழிந்தெடுக்க வேண்டும்.

ஆனால் ஒரு காரின் ஹாரன் அழுகிற மாதிரி இருந்ததாம். இன்னொன்றில் தேங்காய் மூன்று முறை உருண்டதாம். இப்படியே பதினொன்றும் போயின.

பன்னிரண்டாவது காரைப் பார்க்கக் கிளம்பிய அன்று காலை காமு சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு இதையும் வேண்டாம்னேள்னா, இனிமே நம்மாத்துல கார் பேச்சே எடுக்கப்படாது. முட்டிக்கு மாத்திரை போட்டுண்டு ஸ்கூட்டர்லயே காலத்த ஓட்டிக்கறேன்."

அவள் கத்தவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். அதனால் அவர் பயந்துபோனார்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்து, எழுதுவதை நிறுத்தினேன். அவருடைய நோட்டை மறுபடி படித்தேன். (நான் எழுதிய நோட்டுதான். இருந்தாலும் படித்தேன்.) நாற்பத்து மூன்று கேள்விகளில் 'ரிவர்ஸ்' என்ற சொல்லே இல்லை. பின்பக்கக் கேமரா பற்றி இல்லை. கண்ணாடி பற்றிக்கூட இல்லை.

மனுஷன் என்னையே ஏமாற்றியிருக்கிறார்! பதினொரு கார்களிலும் குறை இருந்ததென்று நானும் நம்பிவிட்டேன்.

[அடிக்குறிப்பு மாதிரி: எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓட்டுநர் பள்ளிக் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது, தெருமுனையில் பாலுவின் இஸ்திரி வண்டியைச் சாய்த்துவிட்டார். யாருக்கும் அடியில்லை. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துப் பட்டு வேட்டியில் மட்டும் கங்கு விழுந்தது. அதோடு அவர் பின்னால் போவதையே விட்டுவிட்டார்.]

டெஸ்ட் டிரைவில் யாரும் ரிவர்ஸ் எடுப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? வண்டியைத் தயாராக நிறுத்தி வைத்திருப்பார்கள். முன்னால் போய், ஒரு சுற்றுச் சுற்றி, வாசலில் விட்டால் போதும். காரை ஓட்டவும் வேண்டும், ரிவர்ஸும் கூடாதென்றால், மனுஷன் டெஸ்ட் டிரைவைத் தவிர வேறெங்கே போவார்?

4

விற்பனைப் பெண்ணின் பெயர் ருக்ஸானா, கீழ்க்கட்டளைக்காரி. முன்சீட்டில் உட்கார்ந்து நோட்டை வாசித்துக்கொண்டே வந்தாள். பின்சீட்டில் காமு. பாலம் ஏறியாயிற்று. மூச்சு வாங்கவில்லை. தேங்காய் ஒரே முறைதான் உருண்டது. அவருக்கு வியர்க்க ஆரம்பித்தது.

"நாப்பத்தி நாலு" என்றாள் ருக்ஸானா. "நம்ம வாசல்ல நிறுத்திப் பாக்கணும்."

"நாப்பத்திமூணுதானேம்மா?"

"இல்ல சார், கீழ வேற கையெழுத்துல இருக்கு."

காமு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வீடு முட்டுச்சந்தின் கடைசியில். வண்டியைத் திருப்ப இடமில்லை. நுழைந்தால் ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். இவ்வளவும் தெரிந்தும், குறை ஒன்றும் அகப்படாத கலவரத்தில் மனுஷன் உள்ளே விட்டுவிட்டார். தெருமுனையில் பாலு, ஸ்டீயரிங்கில் இருப்பது யாரென்று பார்த்தான். உடனே இஸ்திரி வண்டியை அடுத்த தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

வாசலில் நின்றதும் எதிர்வீட்டுக் கங்கையம்மாள் கற்பூரத் தட்டோடு ஓடிவந்தாள். "இன்னா சார், வண்டி எடுத்துட்டு ஒரு வார்த்த சொல்லல! சோக்கா கீது!" பானெட்டில் குங்குமம் ஏறிவிட்டது. நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம்.

"அம்மா, இது டெஸ்ட் டிரைவ் வண்டிம்மா, இன்னும் வாங்கல" என்றாள் ருக்ஸானா.

"அது பழத்துக்குத் தெரியவா போவுது? ஏத்திட்டா உங்க வண்டிதான்." பிறகு முட்டுச்சந்தைப் பார்த்தாள். "அட, ரிவர்ஸ்லதான போவணும்? இரு இரு." நாலு பழத்தையும் எடுத்துச் சக்கரங்களுக்குப் பின்னால் மாற்றி வைத்தாள்.

5

முடிவு, அ: காமு இறங்கி, கதவைத் திறந்து, "தள்ளுங்கோ" என்று சொல்லி ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறாள்... [நீங்கள் எதிர்பார்த்தது இதுதானே? நானும் எழுதி அடித்துவிட்டேன். அவளுக்கு லைசென்ஸ் இல்லை. உங்கள் கைதட்டலுக்காக அவளைப் போலீஸில் மாட்டிவிட எனக்கு மனமில்லை.]

முடிவு, ஆ: "நான் எடுத்துத் தரட்டுமா சார்?" என்கிறாள் ருக்ஸானா.

இது நடந்தது. அவர் நன்றியோடு அவளைப் பார்த்து, வாயைத் திறந்து, அப்படியே கண்ணாடியில் காமுவையும் பார்த்தார். அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா" என்றார். அப்புறம், "காமு, நேக்குப் பயமா இருக்குடி."

"தெரியும்னா. எட்டு வருஷமாத் தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க மும்முரமாக் கார்ல குறை கண்டுபிடிச்சிண்டிருந்தேள். நடுவுல நான் என்னத்தப் பேசறது?"

அவர் சிரித்துவிட்டார். கண்ணும் கலங்கியது. அப்படியே ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

6

இதற்குமேல் என்னால் முடியவில்லை. வண்டி பீப் பீப் என்றதும் சந்தே கூடிவிட்டது. "ரைட்ல ஒடிங்க சார்!" "ஐயோ, லெஃப்ட்டு, லெஃப்ட்டு!" "நேரா வுடு சார்!" ஆறு பேர், ஆறு திசை. அவருக்கு ஒரே ஒரு குரல் வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் சொன்னால் சாக்கடைதான்.

நீங்கள் வந்து பின்னால் நில்லுங்கள். இந்தப் பக்கம் சாக்கடைக்கு ஒரு முழம், அந்தப் பக்கம் சுவருக்கு ஒன்றரை முழம். சக்கரங்களுக்குப் பின்னால் பழங்கள் தயார். அவர் கண்ணாடியில் உங்களைத்தான் பார்க்கிறார். கையைத் தூக்குங்கள். "வரட்டும், வரட்டும்" என்பீர்களோ, "ஹோல்டான்" என்பீர்களோ, உங்கள் பாடு. சீக்கிரம் சொல்லுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார்.