டைமிங் லைட் பிடித்தவள்

எங்கள் ஒர்க்ஷாப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசுவார்கள். "என்ன காதுப்பா அந்த மனுஷனுக்கு" என்பார்கள். முழங்கை வரை கிரீஸ் அப்பி, ரேடியேட்டர் சூட்டில் வெந்துகொண்டு, டைமிங் லைட்டைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றவளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். போகட்டும். அந்த நாட்களை நினைத்தால் இப்போது கோபத்தைவிட ஏக்கம்தான் வருகிறது.

என் வீட்டுக்காரர் பந்தய வண்டிகளுக்கு எஞ்சின் கட்டுகிறவர். வண்டியை முடுக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எங்கே தட்டுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவிடுவார். அதனால் அவர் பெயரே 'காது' என்றாகிவிட்டது. நான் 'காது வீட்டம்மா'. இதற்காகவா என்னை எங்கப்பா படிக்க வைத்தார்?

ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தவருக்குத் தனக்கென்று ஒன்று கட்டிப் பார்க்க ஆசை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வாங்கிய கார் ஒன்று ஷெட்டின் மூலையில் கிடந்தது. அதன் எஞ்சினை ஸ்ட்ரோக்கர் ஆக்கப் போகிறேன் என்றார். அதாவது, பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிற கிராங்கை எடுத்துவிட்டு வீச்சு அதிகமான கிராங்கைப் போடுவது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் கூடும். அதே எஞ்சின் இன்னும் நிறையக் காற்றைக் குடித்து இன்னும் வேகமாக ஓடும். அது போதாதென்று எஞ்சினுக்கு வெறியேற்றுகிற நைட்ரஸ் வாயு வேறு. டிக்கியில் ஒரு சிலிண்டர், ஸ்டியரிங்கில் ஒரு பட்டன். அமுக்கினால் நைட்ரஸும் கூடுதல் பெட்ரோலும் ஒன்றாக உள்ளே பாயும்.

"சிவனேன்னு கிடக்கற எஞ்சினுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இரு" என்றார். நான் என்றைக்குச் சும்மா இருந்திருக்கிறேன்?

எஞ்சினுக்கு உடம்பு மாதிரியான அந்த பிளாக் இப்போது தேடினாலும் கிடைக்காது. உடைந்தால் அவருடைய ஆசையும் அதோடு சரி. அதனால் வேலை ஆமை வேகத்தில் நடந்தது. புது கிராங்கைப் போட்டுக் கையால் சுற்றினால் கனெக்டிங் ராடு பிளாக்கின் அடிச்சுவரில் இடித்தது. அவர் கொஞ்சம் தேய்ப்பார், நான் சுற்றிப் பார்ப்பேன். மறுபடி இடிக்கும், மறுபடி தேய்ப்பார். ஒரு இழை அதிகமாகத் தேய்த்தால் தண்ணீர் ஓடும் அறையில் ஓட்டை விழுந்துவிடும். பிஸ்டன் ரிங்கின் முனைகளுக்கு நடுவே வழக்கத்தைவிடக் கூடுதலாக இடைவெளி விட்டார். நைட்ரஸ் சூட்டில் ரிங் விரியும், முனைகள் முட்டிக்கொண்டால் பிஸ்டன் காலி. கேஜ் தகட்டை நுழைத்துப் பார்க்கிற வேலை எனக்கு.

"சரியா இருக்கா?"

"உங்க தலை மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் ராவுங்க."

ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இப்படித்தான் போயின. அவை சந்தோஷமான நாட்கள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கால் வலிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. ஒரு நாள் ஒரு வண்டியின் பெல்ட் கீச்சுக் கீச்சென்று காதைக் கிழிக்கிறது, பக்கத்திலேயே நின்று சாவகாசமாகக் கை துடைத்துக்கொண்டிருக்கிறார். சைலன்சர் இல்லாத எஞ்சின்களுக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்தவருக்குக் காது போகாமல் என்ன செய்யும்? ஆனால் வெளியே தெரிந்தால் யார் வண்டி கொண்டுவருவார்கள்? அவரிடம் கேட்டால் மனுஷன் நொறுங்கிப் போவார். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே நான் வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

எஞ்சினைக் காரில் ஏற்றி டியூனிங் ஆரம்பித்தோம். பானட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டுகிற டைமிங் லைட்டோடு நான், உள்ளே ஆக்ஸிலேட்டரை மிதிக்க என் தம்பி. அந்த நேரத்தை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரை இம்மி இம்மியாகத் திருப்புவார், நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். மறுபடி திருப்புவார், மறுபடி பார்ப்பார். கண்ணெடுக்காமல் ஒரு பார்வை. கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கிரீஸ் கையோடு நான் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

பக்கத்து ஷெட் பெயிண்டர் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சின்ல ஏதோ தட்டுது போல. அண்ணி மூஞ்சிலயே தெரியுதே" என்று சிரித்தான். அவருக்குக் கேட்காத சத்தம் என் மூஞ்சியில் தெரிந்தால், யாராவது ஒருவன் கண்டுபிடித்துவிட மாட்டானா? இனிமேல் மூஞ்சியை அசைப்பதில்லை என்று முடிவு செய்தேன். தப்பான சத்தம் வந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நைட்ரஸ் போட்டுப் பார்க்கிற நாள் வந்தது. நின்ற இடத்திலேயே வண்டியை ஓட்டிப் பார்க்கிற டைனோ உருளைகள் மேல் காரை ஏற்றினோம். வேடிக்கை பார்க்கப் பெயிண்டரும் இன்னும் பலரும் வந்துவிட்டார்கள். நைட்ரஸுக்காக டைமிங்கை நன்றாகக் குறைத்து வைத்திருந்தார். தம்பி வேகத்தை ஏற்றிப் பட்டனை அமுக்கினான். அந்த உறுமலுக்கு அடியில், தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்கிய மாதிரி, மெல்லிய தட்டல். நாக்கிங். எரிய வேண்டிய நேரத்துக்கு முன்பே பெட்ரோல் வெடிக்கிற சத்தம். ஆனாலும் கல்லு மாதிரி நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சுத்தமா இருக்கு. இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்" என்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் தம்பிக்குச் சைகை காட்டினார். நான் "ஏங்க" என்று கத்துவதற்குள் தம்பி பட்டனை அமுக்கிவிட்டான். டமார் என்று ஒரு சத்தம், பிறகு நீலப் புகை.

மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேர் மட்டும் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம். ஒரு பிஸ்டனின் விளிம்பை எலி கடித்த மாதிரி நெருப்பு தின்றிருந்தது. சிலிண்டர் சுவரில் கீறல். எனக்குத் தாங்கவில்லை. அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன்.

"உங்களுக்குக் காது கேக்கலங்க. எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சுன்னா ஏன் மூஞ்சியச் சுளிக்கல?" என்றார்.

"என்னது?"

"சத்தம் தட்டினா நீ மூஞ்சியச் சுளிப்ப. சோத்துல கல்லக் கடிச்ச மாதிரி. இத்தன மாசமா அதப் பாத்துத்தான் டைமிங் வெச்சேன். நேத்து நீ ஆடாம அசையாம நின்ன. சரி, சுத்தமா இருக்குன்னு நெனச்சிட்டேன்."

"அப்ப, நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தது..."

"எஞ்சினுக்குத்தான். வேற எதுக்கு?"

கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் விட்டெறிந்தேன். நான் என்னவெல்லாம் நினைத்துக்கொண்டு முடியை ஒதுக்கினேன்! அந்த ஆத்திரத்தில் பிஸ்டன்கூட மறந்துபோனது. அவர் உட்கார்ந்துவிட்டார். "காதுன்னு சொல்லித்தான் எல்லாரும் வராங்க. அதுவும் இல்லன்னா நான் யாரு, சொல்லு" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். ஆத்திரமெல்லாம் எங்கே போயிற்றோ, அவர் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

பிளாக் தப்பித்தது. கீறல் போகும் அளவுக்குச் சிலிண்டர்களை லேசாகக் குடைந்து போர் செய்து புதுப் பிஸ்டன்கள் போட்டோம். மறுபடி டைனோ, மறுபடி அதே கூட்டம். இந்தத் தடவை நான் எவனைப் பற்றியும் கவலைப்படவில்லை. தட்டியபோது நன்றாகவே மூஞ்சியைச் சுளித்தேன். பெயிண்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அவர் டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்பினார், இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு மயிரிழை. தலையாட்டினேன். தம்பி முழுசாக மிதித்துப் பட்டனை அமுக்கினான்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஒரு பிசிறு இல்லை. கூடம் முழுக்க நிறைந்து, நெஞ்செலும்புக்குள் புகுந்து, ஏறிக்கொண்டே போனது. அவர் வாழ்நாளெல்லாம் கட்ட ஆசைப்பட்ட எஞ்சின். அதை அங்கே இருந்த எல்லோரும் கேட்டார்கள், பெயிண்டர்கூடக் கேட்டான், அவரைத் தவிர.

தம்பி காலை எடுத்தான். அவர் பானட்டுக்கு மேலே குனிந்து ஆவலாக, "எப்படி இருந்துச்சு? சொல்லு" என்றார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அவ்ளோ நல்லாவா இருந்துச்சு?" என்றார்.