பிழை விழுந்த வீடு

திலக் நகரில் ஷைனியின் குவாண்டம் கணினியிலிருந்து நீக்கிய பிழைகளெல்லாம் தாராவியில் அவள் அம்மா ஏஞ்சலம்மாள் வீட்டில் போய் விழுந்தன. சீனி டப்பாவில் உப்பு இருந்தது. குக்கர் அடுப்பில் ஏறும் முன்பே விசிலடித்தது. ஷைனி கம்பெனி திறந்த அன்று பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் ஏஞ்சலம்மாள் சும்மா இருந்திருக்கலாம். பெற்ற மனசு கேட்குமா? இயந்திரத்தின் மேல் கையை வைத்து, "ஆண்டவரே, எம்புள்ளைக்கி வார தப்பெல்லாம் எனக்கு வரட்டும்" என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு விஜயராணிக்கு மட்டும் கேட்டது, ஆண்டவருக்கும் கேட்டிருக்கிறது.

அந்த மாதிரி இயந்திரங்கள் லேசான அதிர்வுக்கே கணக்கைத் தப்பவிடும். பிழை பொறுக்கித் திருத்துவதுதான் ஷைனியின் தொழில். நொடிகூடப் பிசகாமல் நிற்காத கணக்கு அன்றிலிருந்து மணிக்கணக்கில் பிசகாமல் நின்றது, அவளும் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டாள். ஃபோனில் கேட்டால் அம்மா, "எனக்கென்ன, நல்லாருக்கேன்" என்பாள். இரண்டாம் வருஷ மழையில் ஏஞ்சலம்மாளின் இதயம் வலதுபக்கம் போய்விட்டது. சில சமயம் துடிக்கவும் மறந்தது. இனி நாள் கணக்குதான் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் விஜயராணி விஷயத்தை உடைத்தாள். ஷைனி சட்டென்று எழுந்தாள். "கம்பெனி போனாப் போவுது, எனக்கு எங்கம்மா வேணும்" என்று இயந்திரத்தை நிறுத்தக் கிளம்பினாள்.

விஜயராணி மறித்தாள். "நில்லுட்டி. நிறுத்திட்டா, இதுவரை விழுந்தது எங்க போவும்? ஒரு வீட்ல தண்ணி வரலைன்னா ஆளுக்கொரு குடம் குடுக்கோம்லா? இதையும் பங்கு போட்டுக்கிடுதோம்."

மறுநாள் தண்ணீர் பிடித்த கையோடு சந்துப் பெண்கள் அத்தனை பேரும் கம்பெனி வாசலில் ஆட்டோக்களில் வந்திறங்கினார்கள். இயந்திரத்தைத் தொட்டு, எங்களுக்கும் கொஞ்சம் வரட்டும் என்று விஜயராணி ஜெபித்தாள், ஷைஸ்தா துவா செய்தாள், தங்கமயில் இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். மத்தியானம் ஏஞ்சலம்மாளின் இதயம் இடதுபக்கம் வந்து சேர்ந்தது. டாக்டர், முந்தின எக்ஸ்ரே படம்தான் தப்பு என்று சொல்லிவிட்டார். அப்பாடா என்று ஷைனி அம்மா மடியில் விழுந்து அழுதாள்.

கம்பெனி இன்றும் ஓடுகிறது. தங்கமயில் வீட்டு ரசம் இனிக்கிறது, ஷைஸ்தா வீட்டு ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. யாரும் ரிப்பேர்காரனைக் கூப்பிடுவதில்லை. ஷைனி தினமும் ஃபோன் செய்கிறாள்.

"நல்லாருக்கேன்ட்டி. காப்பிதான் உப்புக் கரிக்கி. வேல நடக்கோ?"

"நடக்கும்மா."

ஏஞ்சலம்மாள் காப்பியைக் குடித்து முடித்தாள்.