முதல் கவளம்

காவிரித் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்பவனுக்குச் சர்க்கரை வியாதி வருவது விஞ்ஞானப்படி சாத்தியமே இல்லை. வலங்கைமான் ரெங்கசாமி இதைக் குடவாசலில் ஒரு காதுகுத்துப் பந்தியில், சாம்பாருக்குச் சோற்றில் குழி பறித்தபடி அறிவித்தார். பக்கத்து இலையில் அவருடைய தங்கை புருஷன் மதிவாணன், முதல் கவளத்துக்குள் ஒரு மாத்திரையை வைத்து மென்றுகொண்டிருந்தார். அறிவிப்பு அவருக்காகத்தான்.

"அது என்ன மாப்ள, சோத்துக்குள்ள?"

"சோத்தைச் சர்க்கரையா உடைக்கிற நொதி ஒண்ணு குடல்ல இருக்கு மச்சான். அதை இது கொஞ்ச நேரம் கட்டிப்போடும். சர்க்கரை மெதுவா ரத்தத்துல ஏறும்."

"கேட்டுக்குங்கய்யா! தண்ணிய மறிக்கிறவன்கூட ஆத்தோட நிறுத்திக்கிட்டான். இவரு குடல்லயே அணை கட்டுறாரு."

பந்தி சிரித்தது. அந்த நேரம் பார்த்து மதிவாணன் வயிறு ஒரு சத்தம் போட்டது. அந்த மாத்திரைக்கு அது வழக்கம்.

"அணை உடைஞ்சிருச்சுடோய்!" என்று கூவினார் ரெங்கசாமி.

மதிவாணன் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

ரெங்கசாமியின் கால் கட்டைவிரலில் வயலில் அறுத்த நெல்தாள் குத்திய புண் ஒன்று ஆறாமல் கிடந்தது. கும்பகோணத்து டாக்டர் புண்ணைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"சாப்பிட்டதும் சர்க்கரை இப்படி எகிறுது. இது இறங்காட்டி விரல் தங்காது. போன தடவை புதுசாக் குடுத்த மாத்திரையைப் போடுறீங்களா?"

ரெங்கசாமி சுவரில் இருந்த நாள்காட்டியைப் படித்தார். மனைவி சாவித்திரிதான் பதில் சொன்னாள்.

"போடுறாரு டாக்டர். யாரும் பாத்துடக் கூடாதுன்னு, சாப்பிட்டுக் கை கழுவிட்டு, மாட்டுக் கொட்டாயில போய்ப் போடுறாரு."

"மாட்டுக்கு வைத்தியமா பாக்குறேன் நான்? நொதி வேலையை முடிச்சிட்டுப் போனப்புறம் யாரைக் கட்டிப்போட? முதல் கவளத்தோட போடணும். முடியாதுன்னா விரலை வெட்டுறவரைப் போய்ப் பாருங்க."

அடுத்த முகூர்த்தத்தில் மதிவாணன் மகளுக்கு வளைகாப்பு. தாய்மாமன் முதல் பந்தியில் உட்கார்ந்தே ஆகவேண்டும். ரெங்கசாமி கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்தார். சோற்று வாளியை மதிவாணனே தூக்கி வந்தார். சோற்றைத் தட்டிவிட்டு அடுத்த இலைக்கு நகரவில்லை.

ரெங்கசாமி வேட்டி மடிப்பிலிருந்து எதையோ எடுத்துச் சோற்றுக்குள் வைத்து உருட்டினார்.

"என்ன மச்சான் அது?"

"கல்லு. அரிசி களையத் தெரியாத வீட்டுச் சோறு."

"கல்லுன்னா தூக்கி எறியுங்க."

ரெங்கசாமி தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கவளத்தை நிதானமாக மென்று விழுங்கினார்.