ஐந்து மில்லிமீட்டர் வெளிச்சம்

ஒரு பூட்ஸ் கழன்றுவிட்டது. மற்றது வரமாட்டேன் என்றது. ரோஸ்விதா கட்டிலின் கால்மாட்டில் முட்டிபோட்டு, குதிகாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தபோதே அந்த வலது பூட்ஸை அவள் புருஷன் எங்கெல்பர்ட் ஒருநாளும் தானாகக் கழற்றியவர் இல்லை. செத்தபிறகு மட்டும் ஒத்துழைத்துவிடுவாரா?

டாக்டரம்மா வந்து, மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, காப்பியைக்கூடத் தொடாமல் போய் அரைமணி ஆகியிருந்தது. மணி ஏழரை. எங்கெல்பர்ட்டின் தம்பி ஸெப் ஜன்னலோரம் நின்று, ஸ்கோப் என்கிற தொலைநோக்கி மாட்டியிருந்த அண்ணனின் துப்பாக்கியைத் திறந்தார். காலித் தோட்டா ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது.

"ஒரு வெடி கேட்டுதுன்னு சொன்னேன்ல. ஆனா எதுவும் விழுந்து கெடக்கல அண்ணி. மூடுபனி வேற, மொழங்கால் ஒசரத்துக்குப் புல்லு வேற."

"அப்ப எதைச் சுட்டாரு?"

"அதத்தான் நானும் கேக்குறேன். நீங்க வாங்கிக் குடுத்த ஸ்கோப்புல அந்த இருட்டுல என்ன தெரிஞ்சிருக்கும்?"

மே மாதம் முதல் தேதி, மான் வேட்டை தொடங்கும் நாள். அண்ணனும் தம்பியும் காட்டோரம் ஆளுக்கொரு வேட்டைப் பரணில் விடியுமுன்பே ஏறிவிட்டார்கள். வெடி கேட்டாலும் பேசிவைத்த நேரம்வரை யாரும் பரணைவிட்டு இறங்கக்கூடாது என்பது அங்கே சட்டத்துக்கு மேலான சட்டம். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வெடி கேட்டது. ஸெப் ஆறு மணிவரை ஒழுங்குமரியாதையாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது அண்ணன் பரணிலேயே செத்துக் கிடந்தார். அந்த எழுபது நிமிஷத்தில் எந்த நிமிஷத்தில் அண்ணன் போனார் என்று யாருக்கும் தெரியாது.

எதிர்வீட்டு சென்சி கேக்கும் கையுமாக உள்ளே வந்தாள். கதவைத் தட்டும் பழக்கம் அவளுக்கு முப்பது வருஷமாகக் கிடையாது.

"ரோஸி, என் கண்ணு, இப்படி ஆயிடுச்சே!" என்று கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் குரலை இறக்கி, "எங்க வீட்டுக்காரரு இந்தப் பக்கம் வந்தாரா?" என்றாள்.

"விக்கெர்லா? இல்லியே."

"நாலு மணிக்கே காளான் பறிக்கப் போனவரு. கீழ்க்காட்டுல எங்கியோ எடம் வச்சிருக்காரு, எங்கிட்டகூடச் சொல்லமாட்டாரு, பாவி மனுஷன். ஏழு மணி காப்பிக்கு வராம இருந்ததே இல்ல. அந்தப் பழுப்புக் கோட்டு வேற போட்டுக்கிட்டு..."

அவள் முடிக்கவில்லை. பார்வை தரையில் கிடந்த தோட்டாவில் போய் நின்றது. மற்ற இருவரும் அதையே பார்த்தார்கள். எங்கெல்பர்ட்டின் பரண் கீழ்க்காட்டு ஓரத்தில்தான் இருந்தது.

"ஹார்ட்லைக் கூப்புடுறேன், நாயோட வரட்டும்" என்று ஸெப் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினார். அடிபட்ட மானை மோப்பம் பிடித்துத் தேடும் நாய் அந்த வட்டாரத்தில் ஹார்ட்லிடம் மட்டுமே உண்டு.

அந்த ஸ்கோப் கதை ஊருக்கே தெரியும். பிப்ரவரியில் பாஸாவ் நகரத்துத் துப்பாக்கிக் கடையில் நடந்தது. ஐம்பத்தாறு மில்லிமீட்டர் வாய் உள்ள பெரிய ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு, "விடியக்காலைல இதுல பாத்தா பட்டப்பகல்" என்றார் ஸெப். ரோஸ்விதா இருபத்திரண்டு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். விடுவாளா?

"எட்டு மடங்கு பெருசாக் காட்டுது, அப்ப ஐம்பத்தாற எட்டால வகு. ஏழு. ஏழு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிச்சம் வெளிய வரும். அது இருவது வயசுப் பையன் கண்ணுக்கு. ஒங்கண்ணன் கண்மணி இருட்டுல அஞ்சுதான் விரியுது. மிச்ச வெளிச்சம் யாருக்கு, கன்னத்துக்கா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். ஸெப் சிரிக்கவில்லை. எங்கெல்பர்ட் வழக்கம்போலத் தலையாட்டினார். எட்டு மடங்கு, நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் என்று முடிந்தது. கடைக்குப் போகுமுன் குளியலறை விளக்கை அணைத்து, புருஷனை நிற்கவைத்து, அளவுகோலை நெற்றியில் வைத்து அவள் அளந்த கதையைச் சொல்லி மதுக்கடையில் ஆறு வாரம் சிரித்தார்கள்.

மதுக்கடைக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அளந்த அன்று அவள் பிடித்திருந்த சின்ன டார்ச் வெளிச்சத்தில் எங்கெல்பர்ட்டின் வலது கண்மணிக்குள் பால் சிந்தியதுபோல் ஒரு கலங்கல் தெரிந்தது. இடது கண் தெளிவாக இருந்தது. துப்பாக்கிக்கு வலது கண். புரை விழுந்த கண்ணுக்கு ஐம்பத்தாறும் ஒன்றுதான், நாற்பத்திரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியாதா? ஊசி என்றாலே கொட்டகைக்குள் போய் ஒளிகிற மனுஷரிடம் கண்ணைக் கீறவேண்டும் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பரணும் போய்விடும். இந்த ஒரு பருவம் போகட்டும் என்று நினைத்து, "அஞ்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கைப் போட்டாள்.

தொலைபேசி அடித்தது.

"ரத்தம் இருக்கு அண்ணி." ஸெப்புக்கு மூச்சிரைத்தது. "நாய் காட்டுக்குள்ள இழுக்குது. விக்கெர்ல் விக்கெர்ல்னு தொண்டை கிழியக் கத்திட்டோம். பதிலே இல்ல."

"என்னவாம்?" என்றாள் சென்சி.

"தேடிக்கிட்டிருக்காங்களாம். நீ கொஞ்சம் வெந்நீர் வை."

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ரோஸ்விதா உடம்பைத் துடைக்க ஆரம்பித்தாள். முகம், கழுத்து, காதுக்குப் பின்னால். சென்சி கொண்டுவந்த பாத்திரத்தில் வெந்நீர் தளும்பிக்கொண்டே இருந்தது.

"ரோஸி."

"ம்."

"ஒங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்தான? நீதான அளந்த?"

ரோஸ்விதா துணியைப் பிழிந்தாள். ஒருமுறை பிழிந்த துணியை மறுபடியும் பிழிந்தாள்.

"நல்லாத் தெரியும்" என்றாள். கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் குரல் அது.

மாதா கோயில் மணி எட்டரை அடித்தது. ஒன்பது அடித்தது. கேக்கை யாரும் வெட்டவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றதும் சென்சி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். ரோஸ்விதா எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குரல்கள் மட்டும் வந்தன.

"அந்தக் கத்து கத்தினாங்களாமே! வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?" இது சென்சி.

"கேட்டுச்சு." இது விக்கெர்ல். "ரெண்டு பேரும் நாயக் கூட்டிக்கிட்டு என் காளான் எடத்தக் கண்டுபுடிக்க வர்றானுங்கன்னு நெனச்சேன். மரத்துக்குப் பின்னால குப்புறப் படுத்துக்கிட்டேன்."

"இவ்வளவு நேரமாவா?"

"அசைஞ்சா எடம் தெரிஞ்சிடுமேடி!"

கூடையால் அடிக்கிற சத்தம் கேட்டது. நாய் குரைத்தது. யாரோ சிரிக்கத் தொடங்கி, இழவு வீடு என்று நினைவு வந்து நிறுத்தினார்கள்.

ரோஸ்விதாவின் மடியில் ஈரத்துணி கிடந்து பாவாடையை நனைத்தது. பிறகு எழுந்து, எங்கெல்பர்ட்டின் சட்டையைக் கழற்றினாள்.

இடது தோளின் குழியில், துப்பாக்கிக் கட்டை உதைக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. நடுவில் நீலம்; சுற்றிலும் வாரக்கணக்கான பழைய மஞ்சள். வலது தோள் வெள்ளைவெளேர் என்று இருந்தது. நாற்பத்தைந்து வருஷமாக வலது தோளில் வைத்துச் சுட்ட மனுஷர். மார்ச், ஏப்ரல் முழுக்க ஒரு சனிக்கிழமை விடாமல், புது ஸ்கோப்பைச் சரிபார்க்கிறேன் என்று சுடுதளத்துக்குப் போய்வந்தார். பத்துக் குண்டில் முடிகிற வேலை.

படியில் ஸெப்பின் காலடி கேட்டது. அவள் சலவைச் சட்டையை விரித்து, இடது கையை முதலில் நுழைத்து, தோள்வரை இழுத்து மூடினாள்.

ஸெப் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "எம்பது அடி ஓடி விழுந்திருக்கு. நல்ல கடா மான். குண்டு தோளுக்குப் பின்னால, ஒரு வெரக்கடை தப்பல." மூக்கை உறிஞ்சினார். "காலைல என்னமோ பேசிட்டேன். நீங்க அளந்ததுதான் சரி அண்ணி. அந்த இருட்டுலயும் அவருக்குக் கண்ணு எப்படித் தெரிஞ்சிருக்கு பாருங்க."

உதவி செய்கிறேன் என்று ஸெப் கட்டிலின் இடது பக்கமாக வந்தார்.

"இந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன்" என்றாள். "நீ அந்தப் பக்கம் போய் வலது கையத் தூக்கு."

அவர் தூக்கிப் பிடித்தார். அவள் கையை நுழைத்து, பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். எங்கெல்பர்ட் எப்போதும் போடாமல் விடுகிற கழுத்துப் பொத்தானையும் போட்டாள்.