நூற்றிருபது

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் மூன்று திருகாணிகள். இரண்டைக் கழற்றிவிட்டாள், மூன்றாவது அடம்பிடித்தது. உள்ளே கூடத்தில் புருஷனைக் கிடத்தியிருந்தார்கள். இவள் வாசலில், விழுந்து நசுங்கிய அவன் பைக்கின் முன்னால் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, எழுந்திரிங்க. எல்லாரும் பாக்குறாங்க," என்றான் கொழுந்தன்.

"பாக்கட்டும். காலையிலேருந்து நான்தான் கொன்னேன்னு பேசுறீங்கல்ல? நான் மாட்டின சைலன்சர், நான் மாட்டின ஃபில்டர். அப்ப நான்தானே பிரிச்சுப் பாக்கணும்?"

ஊரில் பாதி வண்டிகள் அவள் கைபட்டவைதான். திறந்த சைலன்சரும் ஃபில்டரும் மாட்டினால் எஞ்சின் காற்றை அள்ளி விழுங்கும். பெட்ரோலும் அதற்கு ஈடாக இறங்க வேண்டும். அதற்குப் பெட்ரோல் இறங்கும் ஜெட் என்ற பித்தளைத் துண்டைப் பெரிய துளையுள்ளதாகப் போட வேண்டும்; எண் கூடினால் துளை பெரிது. இல்லாவிட்டால் எஞ்சின் கொதித்து ஓட்டத்திலேயே இறுகிவிடும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். நேற்று நடந்தது அதுதான். ஆனால் நூற்றிருபது எண் ஜெட்டை அவளே தன் கையால் திருகியிருந்தாள். அப்படித்தான் விடிந்ததிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிண்ணம் கழன்று, பெட்ரோல் புடவையில் கொட்டியது. ஜெட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நூறு. அவள் கழற்றிப் போட்ட பழசு.

"நீ மாத்தினியா?"

"எனக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியாது அண்ணி."

மாமியார் வாசலுக்கு வந்தாள். "பொணத்த நடுவீட்டுல போட்டுட்டு இங்க என்னடி பண்ற? நெஞ்சுல ஈரமே இல்லையா உனக்கு?"

"அத்தை, இத யாரோ மாத்தியிருக்காங்க."

சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத அந்தப் பித்தளைத் துண்டை மாமியார் உற்றுப் பார்த்தாள்.

"உன் புருஷன்தான் மாத்தினான். வண்டி பெட்ரோலக் குடிக்குதும்மான்னு புலம்பினான். உன்கிட்ட சொன்னா நீ வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பேன்னு, டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டான். நான்தான் பிடிச்சேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளே கிடந்தவனை எழுப்பி நாலு அறை விடலாம் போலிருந்தது. கஞ்சப் பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

"அதனாலயா?" மாமியாரின் குரல் இறங்கியிருந்தது.

இல்லை என்று சொல்லச் சொல்லிக் கொழுந்தன் கண்ணாலேயே கெஞ்சினான். சொல்லலாம். சொன்னால் சாகும்வரை இவள்தான் கொன்றவள்.

"ஆமா அத்தை. அதனாலதான்."

மாமியார் உள்ளே போய் மகனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

இவள் கை கழுவிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தாள். பெட்ரோல் வாடைக்குப் பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். மாமியார் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.