திவசத்துக்கு ஓர் ஆள்

முதுகுவலிக்காக டாக்டர் எனக்கு ஒரு பெல்ட் கொடுத்தார். இரண்டு தோளிலும் நாடா ஏறி முதுகில் போய்ச் சேரும். சட்டைக்குள் போட்டால் வெளியே தெரியாது. அந்த பெல்ட்டால்தான் எனக்குச் செங்கல்பட்டில் வீடு கிடைத்தது.

அதற்கு முன் கல்பாக்கம் ஆபீஸ் பஸ் நிற்கிற தெருவெல்லாம் நாயாக அலைந்திருந்தேன். மனைவி பூங்கொடி வேறு மாசமாக இருந்தாள். சம்பத் என்ற என் பெயரை வைத்து ஒன்றும் பிடிபடாததால் ஓனர்கள், "சொந்த ஊரு?" என்பார்கள். கடப்பாக்கம். "அப்பா என்ன பண்றார்?" மீன் பிடிக்கிறார் என்றதும், அந்த நிமிஷமே அவர்கள் தம்பிக்கு அந்த வீடு தேவைப்பட்டுவிடும்.

செங்கல்பட்டு ஓனர் ஹரிஹரன் சார் ஒன்றும் கேட்கவில்லை. "சின்ன வயசா இருக்கேளே" என்று என் இடது தோளைத் தட்டினார். தட்டிய கை அங்கேயே நின்று நாடாவைத் தடவிப் பார்த்தது. "நம்மவாதான்!" என்று உள்ளே மாமிக்குக் குரல் கொடுத்துவிட்டு மாடிச் சாவியை நீட்டினார். எனக்கு விஷயம் உறைப்பதற்குள் சாவி பூங்கொடி கையில் இருந்தது.

"வாயத் தொறக்காத. வூடு கெடச்சிகீது" என்றாள்.

குழந்தை பிறந்தது. கருவாட்டை மறந்து காலம் தள்ளினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சார் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"இன்னிக்கு எங்கப்பா திவசம். சாப்பிட ரெண்டு பிராமணாள் உட்காரணும். ஒருத்தர் வரலை. நீங்க வந்து உட்காருங்கோ. அவா சாப்பிடாம நாங்க சாப்பிடப்படாது."

சர்க்கரைக்காரர், பசி தாங்கமாட்டார். செத்துப்போனவரை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. சட்டையைத் திறந்து காட்டினேன்.

"இது பெல்ட் சார். எங்க அப்பா மீன் பிடிக்கிறவரு."

அவர் பெல்ட்டில் இருந்த கம்பெனி பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. வீடு போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "நான் ஆள் கூட்டிகினு வரேன் சார்" என்று பைக்கை எடுத்தேன்.

பொத்தேரியில் ரோஹித் இருந்தான். நான் தனிக்கட்டையாக இருந்தபோது பக்கத்து அறை, காலேஜ் பையன், அசல் ஐயர் வீட்டுப் பிள்ளை. சிக்கன் பிரியாணியை முடித்து விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். பூணூல் ஜன்னல் கம்பியில் தொங்கியது.

"வடை, பாயசம் உண்டாண்ணா?"

"உண்டுடா. பல்ல நல்லா வெளக்கு."

இது மட்டும் ஏமாற்று இல்லையா என்றால், நூல் அசல்தானே.

"பிரம்மச்சாரியா? கல்யாணமானவா உட்காரணும். போறது, வாங்கோ" என்றார் சாஸ்திரிகள். சார் அவன் காலைக் கழுவி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். நான் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

ஏப்பத்தோடு வெளியே வந்த ரோஹித்தை, "என்ன தேஜஸ்!" என்று மாமி மெச்சினாள்.

"எங்கே தங்கியிருக்கேள்?" என்று சார் அவனைக் கேட்டார். "எங்க மாடி அடுத்த மாசம் காலியாறது. நீங்க வந்துடுங்கோ."

நான் காலி பண்ணப்போகிற சேதி எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

ரோஹித் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்து, "சிக்கன் சமைக்கலாமா அங்கிள்?" என்றான்.

ஹரிஹரன் சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "குறும்பைப் பாரேன் இந்தப் பிள்ளைக்கு!" என்றார் மாமியிடம்.