பின்னுக்கு ஏறும் பச்சைக் கார்

1994ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கல்மேட்டுத் தோட்டத்து ரெஜினோல்டின் பச்சைக் கார் விடியற்காலையில் கேகாலைக்குப் போய், மத்தியானம் வரை நின்று ஆஸ்பத்திரி வேலையை முடித்துக்கொண்டு, புறப்பட்ட அதே விடியற்காலைக்குத் திரும்பி வந்தது. அவன் மனைவி செலினா தேத்தண்ணிக்கு அடுப்பில் ஏற்றிய தண்ணீர் இன்னும் கொதி காணவில்லை. அந்த வாரம் தேங்காய் விலை கூடியிருந்தபடியால் லயத்து வரிசை வீடுகளின் சனங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அந்தக் காரை வாங்க வைத்தது ஒரு பிள்ளை. ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் மலைகளில் கல்மேடுதான் செங்குத்து. மேல் டிவிசனில் ஒருவருக்கு முடியாமல் போனால் தோட்டத்து லொறி வந்துதான் இறக்க வேண்டும். செலினாவின் முதல் பிள்ளைக்கு லொறி வரவில்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த ரெஜினோல்ட் லைசன்ஸ் எடுத்தான், வேலை முடிந்து அப்பாவுக்குக் கிடைத்த சேமலாப நிதிக் காசோடு செலினாவின் வளையலையும் சேர்த்துக்கொண்டு வாகனம் தேடிப் புறப்பட்டான். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று செலினா கூடவே போனாள். திரீவீலரில் நோயாளியைப் படுக்க வைக்க முடியாது. ஜீப் எந்த ஏற்றமும் ஏறும், ஆனால் ஆற்றில் இறங்கிய யானை மாதிரி பெற்றோல் குடிக்கும். வேன் நல்லதுதான், அந்த விலைக்கு அவர்கள் லயத்தையே விற்க வேண்டும், லயமோ தோட்டத்துக்குச் சொந்தம். கடைசியில் மாவனல்லையில், ஸுலைஹா என்கிற விதவையின் வீட்டுப் பலா மரத்தடியில் அந்தப் பச்சைக் கார் நின்றது. அதன் கூரையில் இரண்டு கோழிகள் படுத்திருந்தன.

"பொய் சொல்லி விக்க எனக்கேலா தம்பி," என்றாள் ஸுலைஹா. "இது முன்னுக்கு ஏத்தம் ஏறாது. ரிவர்ஸ்ல போட்டா எந்த மலையும் ஏறும். என்ட மாப்புள மவுத்தாகும் வரைக்கும் கழுத்தத் திருப்பித் திருப்பித்தான் ஓட்டினாரு. பாவம், சின்ன வயசிலயே தாடியெல்லாம் நரைச்சுப் போச்சு."

"எங்க மேட்டுல ஏறினா போதுங்க," என்றான் ரெஜினோல்ட். "மூஞ்சி எந்தப் பக்கம் இருந்தா என்னங்க?"

புது வாகனம் என்றால் பூசை வேண்டும். கேகாலையிலிருந்து வந்த பாதர் காரின் முன்பக்கப் பொனற்றில் தீர்த்தம் தெளித்தார். அது மட்டும் போதாது என்று பக்கத்து லயத்து மூக்காயி எலுமிச்சம்பழம் கொண்டு வந்தாள். மேட்டில் கார் முன்னுக்கு நகராது என்பதால் பழங்களைப் பின் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார்கள், கார் பின்னுக்குப் போய் அவற்றை நசுக்கியது. அதனால்தான் காலம் பின்னுக்குப் போகிறது என்று சொல்வோர் இன்றும் உண்டு. பாதருக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் வேறு காரணம் எதையும் அவர் சொன்னதில்லை.

காரணம் எதுவானாலும் பலன் பெரிது. காலையில் பேர் பதிகிற பெரட்டுக்களத்துக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை, அதனாலேயே இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிற சனம் நோயை மடியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும். இப்போது அவர்கள் இருட்டோடு காரில் ஏறி, கேகாலையில் மருந்தெடுத்து, பிற்பகல் வெயிலில் மேட்டில் பின்னுக்கு ஏறி, உச்சியில் அதே இருட்டில் இறங்கி, கத்தியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனார்கள். மத்தியானம் மூக்காயியைக் கேகாலை பஸ் நிலையத்தில் கண்டவர்களும் உண்டு, அதே மத்தியானம் பால் நிறுக்கும் இடத்தில் கண்ட கணக்கப்பிள்ளையும் உண்டு. இரு தரப்பும் சண்டை பிடித்ததில்லை. செலினாவின் அடுத்த பிள்ளை பெண், ஆஸ்பத்திரியில் சுகமாகப் பிறந்தாள். ஆட்கள் கூடக் கூட, ரெஜினோல்ட் ஒரே விடியலில் இரண்டு தடவை, மூன்று தடவை என்று போய் வந்தான். நேரம்தான் செலவாகவில்லையே என்று எல்லாரும் நினைத்தார்கள்.

செலவாகத்தான் செய்தது, அவன் உடம்பில். எப்போதாவது போகிறவர்களுக்கு ஒரு பகல் கூடுவது தெரியாது, தினம் ஓட்டுகிறவனுக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று நாளாக ஏறியது. முதலில் காதோரம் நரைத்தது. பிறகு மூக்குக்கண்ணாடி வந்தது. செக்பொயின்ட்டில் ஒரு சிப்பாய் அவனுடைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, மகனுடைய அட்டையை ஏன் கொண்டு வந்தாய் என்று சிங்களத்தில் கேட்டான். பழைய போட்டோ என்று ரெஜினோல்ட் சிரித்துச் சமாளித்தான். பக்கத்தில் இருந்த செலினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. 2003இல் அவனுடைய சொந்த அக்கா மேர்சி, அவனைத் தூக்கி வளர்த்தவள், தம்பி என்பதை விட்டுவிட்டு, வாய் தவறிக்கூட இல்லை, இயல்பாகவே அண்ணே என்று கூப்பிடத் தொடங்கினாள். அன்றைக்குத்தான் செலினா பயந்தாள். அவன் அவளை முந்திக்கொண்டு போகிறான், இப்படியே விட்டால் அவள் நடு வயதில் நிற்கும்போது அவன் போய்ச் சேர்ந்துவிடுவான். அவளுக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான்.

"வேற வண்டி எடுப்போங்க," என்றாள். "முன்னுக்கு ஏறுற வண்டி."

"இதுக்கு என்னா குறை?"

"நீங்க கெழவனாகிட்டு வாறீங்க. வேற குறை இல்ல."

கேகாலையில் கார் விற்கிற இடத்துக்கு இருவரும் போனார்கள். தினம் எவ்வளவு தூரம், எத்தனை பேர், எப்படிப்பட்ட ரோடு என்று விற்பவன் முறையாக விசாரித்தான். இந்தியாவில் செய்த சின்னக் காரைக் காட்டினான். மாதத் தவணை கைக்கு அடக்கம், ஆனால் காலை நீட்டி ஒருவர் படுக்க வழியில்லை. அடுத்தது பெரிய ஜீப், அதை அவர்கள் தொட்டும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு ஜப்பான் வேன், பழையதுதான், டீசலில் ஓடுவது, பின் சீட்டை மடித்தால் கட்டில் மாதிரி. லீசிங் போட்டால் மூச்சுப் பிடித்துக் கட்டிவிடலாம். ரெஜினோல்டைப் பல வருடமாகத் தெரிந்தவன் என்பதால், ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லி விற்பவன் சாவியைக் கொடுத்தான்.

மறுநாள் மூக்காயிக்கு நீரிழிவுக் கிளினிக், லயத்தில் அதைச் சீனி வருத்தம் என்பார்கள். வேன் அவளை மெத்தென்று கொண்டுபோய், மெத்தென்று திருப்பிக் கொண்டு வந்து, மேட்டில் முகத்தை நேரே வைத்துக்கொண்டு மூச்சு வாங்காமல் ஏறியது. செலினா சந்தோஷத்தில் கைதட்டினாள். உச்சியில் இறங்கினால், உலகம் முழுக்க எத்தனை மணியோ அங்கேயும் அத்தனை மணி. வெயில் சாய்ந்திருந்தது, பால் நிறுத்து முடிந்திருந்தது, கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தார். மூக்காயி லயத்துக்குப் போய், செருகியபடி இருந்த பால் வெட்டும் கத்தியை எடுத்து, அன்று ஒரு மரத்தையும் தொடாத அந்தக் கத்தியைக் கழுவித் துடைத்து, திரும்பச் செருகி வைத்தாள்.

"வேன் சொகுசா இருக்கு தாயி," என்றாள் செலினாவிடம். "அடுத்த கிழமை எனக்கு எடம் போடாதீங்க. ஒடம்பு இப்ப பரவாயில்ல."

உடம்பு பரவாயில்லை என்பது பொய் என்று செலினாவுக்குத் தெரியும். காலில் கட்டுப் போட்டிருந்தவள் அப்படிச் சொன்னால், பேர் விழாத நாள் இனி வேண்டாம் என்பதைத் தவிர வேறென்ன அர்த்தம்? அன்று இரவு செலினா அழுதாள், கோபத்தில் பாதி, தன் பிள்ளையை நினைத்துப் பாதி. காலையில் வேன் சாவியைத் திருப்பி அனுப்பிவிட்டு, தனக்கு லைசன்ஸ் வேண்டும் என்றாள். பொம்பளை கார் ஓட்டினால் மலை தாங்காது என்று சிலர் கேலி பேசினார்கள். கழுத்தைத் திருப்பி மேட்டில் பின்னுக்கு ஏற ஆறு மாதத்தில் பழகிக்கொண்டாள். சிரித்தவர்களும் பிறகு அவள் காரில்தான் போனார்கள்.

"உனக்கு என்னாத்துக்கு இந்த வேல?" என்று ரெஜினோல்ட் சண்டை பிடித்தான். "நான்தான் கெட்டுப் போனேன். நீயாவது எளசா இரு."

"நான் மட்டும் எளசா இருந்து யாருக்குக் காட்டங்க? நீங்க வீட்டுல இருந்து புள்ளயப் பாருங்க. நான் ஒங்க வயசுக்கு வந்து சேந்துக்கிறேன்."

அன்று முதல் அவன் தேத்தண்ணி ஊற்றினான், அவள் ஓட்டினாள். விடியலுக்கு நான்கு தடவை ஓட்டிய நாட்களும் உண்டு. வருடங்கள் அப்படியே போயின. முதல் நரையைக் கண்டபோது கார்க் கண்ணாடியைத் திருப்பி வைத்து வெகு நேரம் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி வந்தபோது லயத்துக்கெல்லாம் சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

2009இல் யுத்தம் முடிந்து ரோட்டில் மறிப்புகள் குறைந்து வந்த மாதங்களில் ஒரு நாள், தண்ணீர்க் குழாயடியில் மேர்சி குடத்தை இறக்கி வைத்துவிட்டு செலினாவைப் பார்த்தாள். செலினா கலியாணமாகி வந்த நாள் முதல் மேர்சியை மதினி என்றுதான் கூப்பிடுவாள், மேர்சி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

"மதினி," என்றாள் மேர்சி, "நாளைக்கு எனக்கும் ஒரு எடம் போடுங்க."

செலினா குடத்தை நிரம்பி வழிய விட்டுவிட்டு நின்றாள். பிறகு, "சரி மேர்சி, இருட்டோட வா," என்றாள்.

வீட்டுக்கு வந்து ரெஜினோல்டிடம் சொன்னாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் வயதுக்கு வந்து சேர்ந்திருந்த அவள் முகத்தை நன்றாகப் பார்த்தான். மறுநாள் விடியலில் இருந்து இருவரும் சேர்ந்தே போனார்கள், ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னால் பார்த்து வழி சொன்னார். அதனால் காரில் ஒரு ஆளுக்கு இடம் குறைந்தது. அந்த ஆளுக்காக இன்னொரு தடவை போய் வந்தார்கள்.